இரவு இரண்டு மணிச் சாப்பாடு: ஒரகடம் வழித்தடத்தில் கல்லீரலும் உணவும்

ஒரகடம் பக்கத்தில் இரவு இரண்டு மணிக்கும் சில டீக்கடைகளின் அடுப்பு அணைவதில்லை. சி ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு அது சாப்பாட்டு வேளை. ஆலைக்குள்ளே கேன்டீன் வரிசையில் சோறும் சாம்பாரும் பொரியலும் வரும். வெளியே லாரி ஓட்டுநர்களுக்கும் காவல் பணியில் இருப்பவர்களுக்கும் டீ, பன், பட்டர் பிஸ்கட், ஆறிப்போன வடை. காலையில் ஷிஃப்ட் விட்டதும் கம்பெனி பஸ் பிடித்து, விடுதிக்கோ வாடகை அறைக்கோ போய், நாலு இட்லியோ ஒரு தட்டுப் பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைப் போர்வையால் மறைத்துக்கொண்டு படுக்க வேண்டும். அடுத்து ஏ ஷிஃப்ட் வரும், பிறகு பி. உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் நேரம் மாறிவிடும்.

கல்லீரலைக் காக்கும் உணவு என்று தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை சொந்தமாக அடுப்பு வைத்திருப்பவருக்காக எழுதப்பட்டவை. காலையில் வெறும் வயிற்றில் இதைக் குடியுங்கள், இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள் என்று அவை சொல்லும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்த வழித்தடத்தில் விடுதியிலும் பகிர்ந்த அறையிலும் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அந்த அடுப்பு இல்லை. அவர்கள் தட்டில் என்ன விழும் என்பதைக் கேன்டீன் ஒப்பந்தக்காரர், விடுதி நடத்துபவர், டீக்கடைக்காரர், ரேஷன் கடை என்று நான்கு பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். கல்லீரல் பற்றி இதுவரை தெரிந்திருப்பவற்றை அந்த நான்கு பேரையும் மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தப் பகுதிக்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இது ஏரியும் நெல்வயலுமாக இருந்த நிலம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடியது. 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர், பிறகு ராயல் என்ஃபீல்டு என ஒரகடமும் வல்லம் வடகாலும் நிரம்பின. நெல் விளைந்த ஊருக்கு இப்போது சோறு ஒப்பந்த வண்டியில் வருகிறது. நடவிலும் அறுப்பிலும் உடம்பை வளைத்த தலைமுறை சாப்பிட்ட அதே அளவுச் சோற்றை, ஒரே இடத்தில் நின்று திருகாணி முடுக்கும் தலைமுறை சாப்பிடுகிறது. கல்லீரலின் சிக்கல் தொடங்கும் இடங்களில் இது ஒன்று.

சோறு கொழுப்பாவது

ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலுக்கு, குடலில் செரித்ததில் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாக நேரே வந்து சேர்கிறது. வந்த குளுக்கோஸில் ஒரு பங்கைக் கிளைகோஜனாகச் சேமித்துவைத்து, பட்டினி நேரத்தில் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அந்தக் கிடங்கு சிறியது. அது நிரம்பிய பிறகும் மாவுச்சத்தும் சர்க்கரையும் வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும். கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது ஃபேட்டி லிவர். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற கல்லீரல்களில் சேர்ந்திருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அளந்து பார்த்தது. 59 விழுக்காடு உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தம் வழியாக வந்தது. 26 விழுக்காடு கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. உணவிலுள்ள கொழுப்பு நேரடியாகத் தந்தது 15 விழுக்காடுதான். எண்ணெயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, மூன்று கரண்டிச் சோற்றையும் ஐந்து டீயையும் தப்பவிடுவது நம் பழக்கம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இந்த நோய் எவ்வளவு பரவலானது? சென்னை நகரில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வின் ஒரு பகுதியாக 541 பேருக்கு ஸ்கேன் செய்து பார்த்ததில் 32 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கும் மேல். அது 2009-இல் வெளியானது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட கணக்கு, பெரியவர்களில் 38.6 விழுக்காடு என்றது. 2025-இல் ஹைதராபாதில் 345 ஐடி ஊழியர்களைப் பார்த்தபோது 84 விழுக்காட்டினரின் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. அந்த எண் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதைப் படித்துவிட்டு, நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற எனக்கு இது வராது என்று ஓர் ஆலைத் தொழிலாளி நினைத்தால் தவறாகிவிடும்.

அதற்குச் சான்று மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இருக்கிறது. 2010-இல் வெளியான அந்த ஆய்வு, உடலுழைப்பு மிகுந்த, ஏழ்மையான ஊர்ப்புற மக்கள் 1,911 பேரைப் பார்த்தது. 8.7 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் உடல் நிறை குறியீட்டெண் 25-க்குக் கீழே இருந்தவர்கள், பார்வைக்கு ஒல்லி. பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொப்பைகூட இல்லை. நம் உடல்வாகில் தசை குறைவு, உள்வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால்தான் ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். பேன்ட் அளவு ஒரு வருடத்தில் 30-இலிருந்து 34-க்குப் போனால் அதுவே ஒரு பரிசோதனை முடிவு.

கொழுப்புச் சேர்ந்த எல்லாக் கல்லீரலும் கெட்டுப்போவதில்லை. சிலருக்கு அழற்சி வரும். அவர்களில் சிலருக்கு நார்த்தழும்பு கட்டும். பல ஆண்டுகளில் ஒரு பகுதியினருக்கு அது ஈரல் சுருக்கமாகவும் புற்றாகவும் முடியும். இவ்வளவு காலமும் வலி தெரியாது. அதனால்தான் 2021 பிப்ரவரியில் இந்திய அரசு இதைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. 2023-இல் உலக அளவில் நோயின் பெயரையே மாற்றினார்கள். மது அருந்தாதவருக்கு வரும் கொழுப்பு என்று இல்லாததைக் கொண்டு அழைத்த பெயர் போய், வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு சேர்ந்தது என்று காரணத்தைச் சொல்லும் பெயர் வந்தது. நல்ல மாற்றம். குடிக்காத பெண்ணிடம் உங்களுக்கு ஃபேட்டி லிவர் என்றால், வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற பதற்றம்தான் முதலில் வருகிறது.

மருந்து? 2024-இல் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது, அடுத்த ஆண்டு செமாக்ளூடைடு ஊசிக்கும். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதை வைத்து வாழ்கிறவருக்கு இவை தூரத்துச் செய்திகள். எடை குறைவதன் பலனோ கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி தீர்ந்தது; 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. மூன்று முதல் ஐந்து விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கிவிடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் மூன்று கிலோ.

தட்டில் என்ன மாற வேண்டும்

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பதுதான் நம் ஊரில் முதலில் கிடைக்கும் அறிவுரை. கேன்டீனிலும் டயட் என்றால் சப்பாத்தி. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12 விழுக்காடுதான். அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவுக்கு வைத்தால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் ஐந்து விழுக்காட்டளவு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் ஆபத்து குறைகிறது. இது நீரிழிவைப் பற்றிய முடிவுதான். ஆனால் நீரிழிவும் ஃபேட்டி லிவரும் இன்சுலின் எதிர்ப்பு என்ற ஒரே வேரில் முளைப்பவை.

ஆக, கேன்டீன் தட்டில் அரிசிக்கும் கோதுமைக்கும் நடக்கும் சண்டை வீண். கரண்டிக் கணக்குதான் முக்கியம். சோறு, அப்பளம், உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு இனிப்பு என்று தட்டு முழுக்க ஒரே சத்தாக இருந்து, பருப்பு மட்டும் சாம்பாரின் அடியில் எங்கோ கிடந்தால் அந்தத் தட்டு கல்லீரலுக்கு எதிரி. விடுதிகளில் காலையில் கட்டிக்கொடுக்கும் தக்காளி சாதம், லெமன் சாதம், புளி சாதம் எல்லாம் இந்த வகைதான். எடுத்துப்போக வசதி, கெட்டுப்போகாது, விலை குறைவு. பக்கத்தில் ஓர் அவித்த முட்டை வைத்தால் ஆறு கிராம் புரதம் கூடும். ஒரு கைக்கு இரண்டு கை சுண்டல் வைத்தால் அதைவிடக் கூடும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு என்று கோயில் பிரசாதத்திலிருந்து கடற்கரை வரை நமக்குச் சுண்டல் தெரியாத இடமில்லை. ஆலைக் கேன்டீனின் மாலை டீ வேளையில் மட்டும் அது ஏனோ போண்டாவுக்கும் சமோசாவுக்கும் இடம் விட்டுவிட்டது.

இங்கே வடமாநிலத் தொழிலாளர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களின் பையில் வறுத்த கடலை மாவு இருக்கும். அவர்கள் அதற்குச் சொல்லும் பெயர் சத்து. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக விழுகிறது! தண்ணீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்தால் பசி அடங்கும். அடுப்பு வேண்டாம். நூறு கிராமில் ஏறத்தாழ இருபது கிராம் புரதம். நம் பொட்டுக்கடலையைத் திரித்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதுதான். நாம் அதைச் சட்னிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். கோடையில் சாலையோரத் தள்ளுவண்டிகளில் விற்கும் கேழ்வரகுக் கூழையும் கம்பங்கூழையும்கூட இந்தக் கணக்கில் சேர்ப்பேன். மாவுக்கு மாவு என்று பார்த்தால் தானியம்தான். ஆனால் ஒரு செம்புக் கூழில் பெரும்பகுதி தண்ணீரும் மோரும். சின்ன வெங்காயத்தோடு அதைக் குடித்தவருக்கு அடுத்த கடையில் பரோட்டா தேட மனம் வராது.

பரோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மைதா, எண்ணெய், மேலே சால்னா: மூன்றும் சேர்ந்து, குறைந்த காசில் வயிற்றை நிரப்பும் உணவு. பிழிந்தெடுக்கும் ஷிஃப்ட்டுக்குப் பிறகு அதை விரும்புவதைக் குற்றமாக நான் எழுத மாட்டேன். வாரத்துக்கு ஒருமுறையா, தினமுமா என்பதுதான் பேச வேண்டியது. வனஸ்பதியிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. அது நல்ல செய்தி. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெயைப் பிடிப்பதற்கும் விதி உண்டு. வாணலி வரை அது வந்து சேர்வது அரிது.

எண்ணெயில் இன்னொரு கேள்வி ரேஷன் கடையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். ஸ்வீடனின் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் கூடுதல் கலோரியாக மஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குப் பாமாயிலில் செய்தது, மற்றதற்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு குழுவுக்கும் எடை ஒரே அளவு கூடியது. கல்லீரல் கொழுப்பு மட்டும் பாமாயில் குழுவில் தெளிவாக அதிகம். 2014-இல் வெளியான சிறிய ஆய்வு இது. அதை வைத்து ரேஷன் பாமாயிலைக் கொட்டிவிடச் சொல்ல முடியாது. மூன்று பொருளில் பருப்புக்குத்தான் கல்லீரல் நன்றி சொல்லும் என்று மட்டும் சொல்லலாம். அட்டை ஊரில் இருக்க, தொழிலாளி இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தால், அந்த மலிவான பருப்பு அவர் தட்டுக்கு வருவதில்லை என்பது தனிக் கவலை.

அடுத்தது டீ. கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் பத்து கிராம். ஒரு ஷிஃப்ட்டில் மூன்று, வெளியே இரண்டு என ஐந்து டீ குடித்தால் ஐம்பது கிராம். சேர்க்கும் சர்க்கரை நாள் கலோரியில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2,000 கலோரிக்கு அது ஐம்பது கிராம், இருபத்தைந்து கிராம். டீயிலேயே உச்ச வரம்பு முடிந்துவிட்டது. அதன் மேல் வெயிலுக்கு ஒரு குளிர்பானம் வாங்கினால், 250 மில்லி பாட்டிலில் இன்னொரு இருபத்தைந்து கிராமுக்கு மேல். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதை உடைக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலின் தலையில் விழுகிறது. இன்சுலினின் கட்டுப்பாடு இல்லாமலே அது கொழுப்பாகும் பாதைக்குள் போய்விடும். மோர், இளநீர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு எல்லாம் இருக்கும் ஊரில் கலர் பாட்டிலுக்கு ஆலை வளாகத்துக்குள் இடம் கொடுக்கத் தேவையே இல்லை.

டீயை நிறுத்தச் சொல்ல வரவில்லை. காபியோ, கல்லீரலுக்கு நண்பன் என்றே சொல்லலாம். காபி குடிப்பவர்களிடம் தழும்பும் ஈரல் சுருக்கமும் ஈரல் புற்றும் குறைவு என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே திசையில் பேசுகின்றன. நன்மை காபியினுடையது, அதில் கரைத்த சர்க்கரைக்கு அந்த வரவில் பங்கில்லை. "மாஸ்டர், சக்கரை கம்மி" என்று சொல்லும் பழக்கம் ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் வருகிறது.

ஷிஃப்ட்டும் கல்லீரலின் கடிகாரமும்

உடம்பின் உயிரணுக்களுக்குள் ஒரு நாள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது பெரும்பாலும் உணவு நேரம். மூளையின் கடிகாரத்துக்கு வெளிச்சம். இரவுப் பணியில் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆய்வாளர் சச்சின் பாண்டாவின் குழு 2012-இல் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தது. எந்நேரமும் தின்ற எலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது; அதே கலோரியை எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை பெரிதும் தப்பின. இதைப் படித்தவுடன் மனிதருக்கும் அப்படியே என்று புத்தகங்கள் வந்தன. சீனாவின் குவாங்சோவில் ஃபேட்டி லிவர் உள்ள 88 பேரிடம் ஓராண்டு சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவு நிதானமானது: கலோரியைக் குறைத்தவர்கள், அதை எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாலும் நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டாலும் ஏறத்தாழ ஒரே பலனைப் பெற்றார்கள்.

எனவே சி ஷிஃப்ட்டில் இருப்பவரைப் பட்டினி கிடக்கச் சொல்ல ஆதாரமில்லை. இயந்திரத்தின் முன்னே தலை சுற்றினால் விரல் போய்விடும். பணிக்குப் போகும் முன் எட்டு, ஒன்பது மணிக்குள் வயிறார ஒரு சாப்பாடு. இரண்டு மணிக்குச் சிறியதாக ஒன்று: முட்டை, சுண்டல், மோர், ஒரு வாழைப்பழம். காலையில் படுக்கும் முன் இரண்டு இட்லியும் நிறையச் சாம்பாரும். இரவு இரண்டு மணிக்குக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டின் நகலை வைப்பதைத்தான் மாற்ற வேண்டும். அந்நேரத்தில் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்திருக்கிறது; அதே சோறு பகலில் ஏற்றுவதைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றும்.

மதுவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் குடிப்பதாகச் சொல்பவரின் வலியும் தூக்கமின்மையும் உண்மையானவை. ஓவர்டைம் முடித்து வந்து, சாப்பிடாமல் குடித்து, தொட்டுக்கொள்ள வறுத்ததைத் தின்று படுப்பது, கல்லீரலுக்குக் கொழுப்பையும் நஞ்சையும் ஒரே இரவில் கொடுப்பது. ஏற்கெனவே கொழுப்புள்ள கல்லீரலில் மது இரட்டிப்பாக வேலை செய்கிறது.

தண்ணீரும் விடுதியும்

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்ற தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளிலும் சாப்பாட்டு அறைகளிலும் சில தன் தரத்துக்கு உட்பட்டு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. அதன் பிறகுதான் இந்த வழித்தடத்தில் தொழிலாளர் எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பது பொதுப் பேச்சானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார்.

ஃபாக்ஸ்கான் விடுதியில் நஞ்சான உணவு வயிற்றைப் பிடித்தது. அதே வழியில், அதாவது கழிவு கலந்த தண்ணீர், கழுவாத கை, திறந்து கிடக்கும் சமையல் ஆகியவற்றின் வழியில், கல்லீரலைப் பிடிக்கும் கிருமிகள் ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும். 1955-56-இல் யமுனை நீரில் சாக்கடை கலந்து டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஈ வகை என்று பின்னாளில் தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு ஈ வகை உயிருக்கே ஆபத்து. கிருமி உள்ளே போய்க் காமாலை தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், எந்தக் குடத்துத் தண்ணீர் என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது. கல்லீரலுக்கான உணவுப் பட்டியலில் காய்ச்சி ஆறிய தண்ணீரை முதல் வரியில் எழுத வேண்டும். பி வகை உணவால் வருவதல்ல. அதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு. அது நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் பரவலானது 2011 வாக்கில்தான் என்பதால், இன்று லைனில் நிற்கும் பலருக்கு அது போடப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

காமாலை என்றதும் நம் கை கீழாநெல்லிக்குப் போகிறது. இந்தச் செடிக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெருமைமிக்க அறிவியல் வரலாறு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் சாப்பிட்ட 37 பி-கிருமி தாங்கிகளில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேற்புரதம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. 2011-இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு, உறுதியான சான்று இல்லை என்று முடித்தது. தன் மண்ணின் மருந்தை உலகத் தராசில் தைரியமாக வைத்த அந்த முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். தராசு சொன்னதையும் அதே மதிப்போடு ஏற்க வேண்டும். ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும். அப்போது கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் புகழ் போய்ச் சேரும்.

மருந்தைவிட எனக்கு அச்சம் தருவது பத்தியம். உப்பில்லை, எண்ணெயில்லை, பருப்பில்லை, மோர்ச்சோறு மட்டும் என்று ஒரு மாதம் கிடப்பவரின் தசை கரைகிறது. ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், இரவு படுக்கும் முன் ஒரு சிற்றுணவும் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. வீக்கம் இருந்தால் உப்பைக் குறைப்பது சரி. பருப்பையும் முட்டையையும் பறிப்பது சரியல்ல. 2021-இல் மும்பையில் சீந்தில்கொடிச் சாறு குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. 'லிவர் டீடாக்ஸ்' என்று விற்கும் பாட்டில்களுக்கு வேலையே இல்லை. நச்சு நீக்குவது அந்த உறுப்பின் சொந்தத் தொழில்.

ஆலைப் பகுதியில் இன்னொன்றையும் விட முடியாது. பெயின்ட் தின்னர், பிசின், கரைப்பான்கள் சிலவும் கல்லீரலைத் தாக்கும். 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வினைல் குளோரைடு ஆலைத் தொழிலாளர்களிடம் அரிய வகை ஈரல் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. கையுறையும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் எந்தக் கீரையும் உதவாது. கரைப்பான் படிந்த கையோடு சாப்பிட உட்காராமலிருக்க, டீ இடைவேளை கை கழுவும் அளவுக்காவது நீளமாக இருக்க வேண்டும்.

மெனுவை யார் எழுதுவது

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46-ஆம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றது. என்ன உணவு, என்ன விலை என்பதோடு, கேன்டீனுக்கு நிர்வாகக் குழு அமைத்து அதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தரவும் விதி செய்யலாம் என்று அந்தப் பிரிவே சொன்னது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, அந்த எண்ணிக்கையை நூறாகக் குறைத்து, காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்த்தது. ஆலைக் கேன்டீன் கமிட்டிகளில் பேசப்படுவது பெரும்பாலும் சுவையும் சுத்தமும். சத்தும் அங்கே பேசப்பட வேண்டியதே.

பரிசோதனைக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பணியிடங்களுக்கும் கொண்டுவந்தது; அங்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதோடு இரண்டு கல்லீரல் நொதிகளும் தட்டணு எண்ணிக்கையும் தெரிந்தால், வயதைச் சேர்த்து ஃபிப்-4 என்ற கணக்கைப் போடலாம். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, மேலே என்றால் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். 35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது. லைனில் நிற்பவர்களில் பலர் அந்த வயதுதான். அவர்களுக்கு இடுப்பு அளவும், சர்க்கரையும், வீட்டில் யாருக்காவது நீரிழிவு உண்டா என்ற கேள்வியும்தான் முதல் படி.

அடுத்த கேன்டீன் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பிரதிநிதி எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. டீயில் சர்க்கரையைக் கலக்காமல் தனியே வையுங்கள். மாலையில் வாரத்தில் நான்கு நாள் போண்டாவுக்குப் பதில் சுண்டல். மதியம் சோற்றுக் கரண்டியைச் சிறியதாக்கி, பருப்புக் கரண்டியைப் பெரியதாக்குங்கள். வாரத்தில் இருமுறை மத்தியோ நெத்திலியோ குழம்பில். வறுக்கும் எண்ணெயை மாற்றிய தேதியைப் பலகையில் எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்பதையும். சி ஷிஃப்ட்டுக்கு இரண்டு மணிக்கு முட்டையும் மோரும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதே வரிசை, அதே தட்டு.